ஸ்லோமோவா, டைம்லாப்ஸா, மைக்ராஸ்கோப்பா? ஒரு தொட்டாச்சிணுங்கியை வச்சுப் பார்த்துடலாம்

"கையில பத்தாயிரம் இருக்குண்ணா, இயற்கையில நடக்கற விஷயத்தைப் பசங்களுக்கு வீடியோவா எடுத்துக் காட்டணும், எதை வாங்கலாம்?" இந்த வருஷம் மட்டும் இதே கேள்வியை நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. ஒருத்தர் ஸ்லோமோ நல்லா எடுக்கற போனுக்கு மாறலாமான்னு யோசிக்கறாரு, ஒரு டீச்சர் கம்ப்யூட்டர்ல மாட்டற யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பை ஆன்லைன் கடை கார்ட்ல போட்டு வச்சுட்டு மூணு மாசமா வாங்காம இருக்காங்க, இன்னொரு தம்பி சூட்டை நிறமாக் காட்டற தெர்மல் கேமராவுக்கு உண்டியல் சேக்கறான். மூணு பேருக்கும் தனித்தனியா எழுதறதுக்கு பதிலா இங்க ஒண்ணா எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

வீட்டுக்குப் பக்கத்து காலி மனையில இருந்து ஒரு தொட்டாச்சிணுங்கியை வேரோட தோண்டி பெயின்ட் டப்பாவுல வச்சிருக்கேன். எல்லா வழியையும் இந்த ஒரே செடி மேல போட்டுப் பார்த்ததால ஒப்பிடறது சுலபமா இருக்கும்.

## முதல்ல எதை வச்சு முடிவு பண்றது

எல்லாரும் கருவியில இருந்து ஆரம்பிக்கறாங்க, அங்கதான் காசு வீணாகுது. நீங்க காட்ட நினைக்கற விஷயம் ஏன் வெறும் கண்ணுக்குத் தெரியல? ரொம்ப வேகமா நடக்குதா, ரொம்ப மெதுவா நடக்குதா, ரொம்ப சின்னதா, இல்ல நிறமே இல்லாததா (சூடு, காத்து மாதிரி)? இதுக்கு பதில் சொல்லிட்டீங்கன்னா பாதி முடிவு முடிஞ்சுது.

அடுத்தது காசு. பொருளோட விலையை மட்டும் பாக்காதீங்க, அதை ஓட்டறதுக்கு வாங்க வேண்டிய லைட், ஸ்டாண்ட், மெமரி கார்டு எல்லாம் அதுலதான் வரும். அதுக்கப்புறம் நேரம், ஒரு ஷாட் சொதப்பினா திரும்ப எடுக்க பத்து நிமிஷம் போதுமா, மூணு நாள் ஆகுமா.

கடைசியா ஒண்ணு இருக்கு, இதை யாரும் கேக்கறதே இல்ல, எனக்கு இதுதான் முக்கியம். இந்த வழி பாக்கறவங்க கிட்ட என்ன பொய் சொல்லுது? கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைக்கணும்னா நேரத்தையோ அளவையோ நிறத்தையோ மாத்தித்தான் ஆகணும், மாத்தினதை நாம வாயால சொல்லலன்னா பசங்க தப்பா ஒண்ணைக் கத்துக்கிட்டுப் போவாங்க, அதைத் திருத்த நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க.

## ஸ்லோமோ

இப்போ இருக்கற நெறைய போன்ல விநாடிக்கு 240 ஃப்ரேம், அதாவது 240 தனித்தனிப் படம் எடுக்கலாம். 30 ஃப்ரேம்ல ஓட்டினா எட்டு மடங்கு மெதுவாகும். தனியா காசு போட வேண்டாம்னு தோணும். வெளிச்சம்தான் இங்க செலவு. 240 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு ஷட்டர் அதிகபட்சம் 1/240 விநாடிதான் திறந்திருக்க முடியும், வீட்டுக்குள்ள எடுத்தா புள்ளி புள்ளியா இருட்டா வரும். சரி லைட் போடலாம்னு டியூப்லைட்டைப் போட்டா படம் முழுக்க மினுக்கு மினுக்குங்குது. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசமாகுது, அதைக் கண்ணு கண்டுக்காது, 240 ஃப்ரேம் கேமரா கண்டுபிடிச்சிடும். அதனால மொட்டை மாடி, காலைல பத்து மணி வெயில். அதை விட நல்ல லைட்டை நீங்க காசு குடுத்து வாங்க முடியாது.

வெளிச்சம்தான் எல்லாம்ங்கறதுக்கு அமெரிக்காவோட எம்ஐடியில எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் புரொஃபசரா இருந்த ஹரால்ட் எட்ஜர்ட்டனை விட நல்ல உதாரணம் கிடையாது. பால் சொட்டு விழுந்து கிரீடம் மாதிரி எழும்பற அந்த 1957 கலர் போட்டோவை நீங்க கண்டிப்பா எங்கயாவது பார்த்திருப்பீங்க. அதுல வேலை செஞ்சது ஷட்டர் இல்ல, இருட்டுல ஒரு நொடியோட ரொம்பச் சின்ன துணுக்குக்கு மட்டும் வெட்டின ஃபிளாஷ்.

இப்போ நம்ம செடி. தொட்டேன், 240-ல எடுத்தேன், பார்த்தா... போர். உண்மையா சொல்றேன். நுனியில இருக்கற ரெண்டு சின்ன இலை மேல் நோக்கி மடியுது, அடுத்த ஜோடி, அடுத்த ஜோடின்னு அடுக்கி வச்ச சீட்டு சரியற மாதிரி காம்பு பக்கமா வருது, அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விட்டு முழுக் காம்பும் தொப்புன்னு கீழ தொங்குது. அழகுதான். ஆனா இது எல்லாமே ரெண்டு மூணு விநாடி விஷயம், எட்டு மடங்கு நீட்டினா பாக்கறவன் கைபேசியை மூடிட்டுப் போயிடுவான். சாதாரண 60 ஃப்ரேம்ல எடுத்துப் பாதி வேகத்துல ஓட்டினதுதான் சரியா இருந்துச்சு. ஸ்லோமோவுக்காகவே போன் மாத்தலாமான்னு கேட்டவருக்கு என் பதில் இதுலயே இருக்கு.

அப்போ 240 எதுக்கு வேணும்? தண்ணி நிரப்பின பலூனை ஊசியால குத்தினா ரப்பர் ஒரு சில ஃப்ரேம்லயே சுருங்கி ஓடிடும், தண்ணி மட்டும் ஒரு கணம் பலூன் வடிவத்துலயே அந்தரத்துல நிக்கும். அதுக்கு வேணும். தட்டாம்பூச்சிக்கு வேணும், அது விநாடிக்கு முப்பது நாப்பது தடவை சிறகடிக்கும், ஒரு அடிக்கு ஆறேழு ஃப்ரேம் கிடைக்கும், நாலு சிறகும் தனித்தனியா வேலை செய்யறதைப் பாக்கலாம்.

தேனீயில மாட்டிக்குவீங்க. தேனீ விநாடிக்கு சுமார் 230 தடவை சிறகடிக்குது. கேமரா 240 தடவை பாக்குது. ஒவ்வொரு தடவை பாக்கறப்பவும் சிறகு கிட்டத்தட்ட அதே இடத்துலதான் இருக்கும், அதனால வீடியோவுல தேனீ சோம்பேறித்தனமா சிறகை லேசா ஆட்டிக்கிட்டே மிதக்கும். ஃபேன் ரிவர்ஸ்ல சுத்தற மாதிரி தெரியுமே, அதே கதைதான். முதல் தடவை எடுத்தப்போ இதை நிஜம்னு நம்பி நாலு பேருக்கு வேற காட்டிட்டேன்! இதுதான் ஸ்லோமோ சொல்ற பொய். இன்னொண்ணு, 960 ஃப்ரேம்னு பெருமையா போட்டிருக்கற சில போன்கள்ல நடுவுல இருக்கற ஃப்ரேமை சாஃப்ட்வேரே கற்பனை பண்ணிப் போடுது. விளம்பரத்துக்கு ஓகே, அறிவியலுக்கு ஆகாது. மின்னலை போன் ஸ்லோமோவுல எடுக்கலாமான்னும் கேக்கறாங்க, மேகத்துல இருந்து படிப்படியா இறங்கற அந்தக் கிளையைப் பாக்க ஆயிரக்கணக்குல ஃப்ரேம் எடுக்கற ஆராய்ச்சி கேமரா வேணும், அதோட இடி இடிக்கறப்போ மாடியில நிக்காதீங்க தயவுசெஞ்சு.

## டைம்லாப்ஸ்

காசு கம்மி, பொறுமை ஜாஸ்தி. இடைவெளி விட்டு விட்டுப் படம் எடுத்து, எல்லாத்தையும் சேத்து வேகமா ஓட்டறதுதான் டைம்லாப்ஸ். கணக்கு ரொம்ப ஈஸி. பச்சைப்பயறு முளைக்கறதை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு படம்னு மூணு நாள் எடுத்தா 864 படம், 30 ஃப்ரேம்ல ஓட்டினா 29 விநாடி வீடியோ. மேகம்னா நாலு விநாடிக்கு ஒண்ணு, ஒரு மணி நேரத்துல முப்பது விநாடி வீடியோ ரெடி. ஆரம்பிக்கறவங்க மேகத்துல ஆரம்பிங்க, அன்னைக்கே பலன் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு என்னன்னா உங்க போனே மூணு நாள் உங்களுக்குக் கிடையாது. அதனால டிராயர்ல தூங்கற பழைய போனை எடுங்க, டிஸ்ப்ளே கீறியிருந்தா பரவால்ல. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூணையும் லாக் பண்ணிடுங்க, இல்லன்னா மேகம் நகர நகர படம் மஞ்சளும் நீலமுமா துடிக்கும். சார்ஜர்லயே நாள் கணக்கா போட்டு வச்சா பழைய பேட்டரி வீங்கும், பின்பக்கம் உப்பலா தெரிஞ்சா உடனே கழட்டிடுங்க.

என் முதல் பயறு வீடியோ எப்படிப் போச்சுன்னா, ரெண்டாம் நாள் காலைல அம்மா ஜன்னல் மேடையைத் தொடைக்கறதுக்காக ஸ்டாண்டைத் தூக்கி, தொடைச்சு, திரும்ப வச்சுட்டாங்க. "அதே எடத்துலதானேடா வச்சேன்"ங்கறாங்க. வீடியோவுல 11-ஆவது விநாடியில உலகமே ஒரு குதி குதிக்கும். ரெண்டாவது முயற்சியில எறும்பு. மூணாவதுல கரன்ட் போச்சு. ஒரு ஷாட் சொதப்பினா மூணு நாள் போச்சுன்னு சொன்னேன்ல, அது இதான்.

ஆனா நம்ம செடிக்கு இந்த வழி என்ன குடுத்துச்சு பாருங்க. மடங்கின இலை திரும்ப விரிய பத்து இருபது நிமிஷம் ஆகும், நாம தொட்டு விளையாடிட்டுப் போயிடுவோம், விரியறதை உக்காந்து பார்த்தவங்க எத்தனை பேர்? ரெண்டு விநாடிக்கு ஒரு படம்னு கால் மணி நேரம் எடுத்தேன், பதினஞ்சு விநாடி வீடியோ. மூடினது ஒரு கணம், திறக்கறது அத்தனை மெதுவா, நெளிஞ்சு நெளிஞ்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு அதை நாலு தடவை திரும்பப் போடச் சொல்லிப் பார்த்துச்சு, ஸ்லோமோவை ஒரு தடவைதான். இது ஒண்ணும் புது யோசனையும் இல்ல, ஜெர்மனியில லைப்சிக்ல வில்ஹெல்ம் ஃபெஃபர்ங்கற தாவரவியலாளர் 1900-ஐ ஒட்டியே செடி அசையறதை இப்படி ஃபிலிம்ல எடுத்துட்டாரு, அவர் எடுத்ததுல தொட்டாச்சிணுங்கியும் உண்டு, இலையைத் தானா அசைக்கற நம்ம தொழுகண்ணியும் உண்டு.

இன்னும் ஆழமா போகணும்னா 1729-க்குப் போங்க. பிரான்ஸ்ல டி மேரான்ங்கறவர் தொட்டாச்சிணுங்கியை இருட்டு அறையில வச்சுப் பார்த்தாரு. வெயில் படாமலேயே பகல்ல இலை விரிஞ்சுது, ராத்திரி மூடிச்சு. செடிக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குங்கற எண்ணத்துக்கு அங்கதான் விதை. இதை வீட்ல டைம்லாப்ஸ்ல எடுக்கலாம்னு ஆசையா ஆரம்பிச்சேன், அப்புறம்தான் மண்டையில உறைச்சுது, இருட்டுல எப்படிடா எடுப்ப? லைட் போட்டா சோதனையே கெட்டுது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்துல எடுக்கலாம்னா, போன் கேமராவுல அதை வடிகட்டற கண்ணாடி இருக்கறதால போன் உதவாது. ராத்திரியில கருப்பு வெள்ளையா தெரியற மலிவான சிசிடிவி கேமராதான் இதுக்கு வழி.

டைம்லாப்ஸோட பொய் என்ன? செடிக்கு உயிர் மட்டும் இல்ல, மனசும் இருக்கற மாதிரி காட்டிடும். பயறு "எட்டிப் பாக்குது", கொடி "தேடுது"ன்னு நாமே பேச ஆரம்பிச்சிடுவோம். ஃப்ரேம் ஓரத்துல ஒரு சின்ன கடிகாரத்தை வச்சுடுங்க, முள்ளு சுத்தறதைப் பார்த்தா பசங்களுக்கு நேரம் சுருக்கப்பட்டிருக்குன்னு தானா புரியும்.

## மேக்ரோ லென்ஸ், மைக்ராஸ்கோப்

சின்னதைக் கிட்டத்துல வச்சுப் பெருசா எடுக்கறதுதான் மேக்ரோ, அதுக்குப் போன்ல மாட்டற கிளிப் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. அதுவும் வேண்டாம்னா லென்ஸ் மேல ஒரு சொட்டு தண்ணி வச்சு மெதுவா கவுத்துங்க, ஓசி மேக்ரோ. (போன் நனைஞ்சா என்னைத் திட்டாதீங்க.) காகிதத்துல மடிச்சுச் செய்யற ஃபோல்ட்ஸ்கோப்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல மனு பிரகாஷ் குழு 2014-ல வெளியிட்டது, 140 மடங்கு பெருசாக்கும், குளத்துத் தண்ணியில ஓடற பாரமீசியம்ங்கற ஒரு செல் உயிரைப் போன்ல படம் பிடிக்கலாம்.

யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பை கார்ட்ல வச்சிருக்கற டீச்சருக்கு: டப்பா மேல போட்டிருக்கற 1000 மடங்கை நம்பாதீங்க. அது ஸ்கிரீன்ல பெருசாக்கி சொல்ற கணக்கு, லென்ஸ் தர்றது அதுல ஒரு பங்குதான். செல்லுக்குள்ள பாக்க அது ஆகாது. ஆனா எறும்போட கண்ணு, இறகு, உப்புக் கல்லு, கொசுப்புழு தண்ணி மேல மூச்சுக்குழாயை நீட்டிட்டுத் தலைகீழா தொங்கறது, இதெல்லாம் நல்லா வரும், நேரா கம்ப்யூட்டர்லயோ ப்ரொஜெக்டர்லயோ நாப்பது பேருக்கு ஒரே நேரத்துல காட்டலாம், அந்த வசதி வேற எதுலயும் இல்ல. வகுப்புக்குன்னா தயங்காம வாங்குங்க.

நம்ம செடியில மேக்ரோ பாதி வெற்றிதான். இலைக்காம்பு தண்டுல சேர்ற இடத்துல ஒரு சின்ன வீக்கம் இருக்கும், முழங்கை மாதிரி, அதுதான் எல்லா வேலையையும் செய்யுது. தொட்டதும் அந்த வீக்கத்தோட கீழ்ப்பக்க செல்கள்ல இருந்து அயனிகள் வெளிய போகுது, பின்னாடியே தண்ணியும் போகுது, விறைப்பு போய் காம்பு தொங்குது. மேக்ரோவுல அந்த முழங்கை மடங்கறது தெரியும், ஆனா ரெண்டு சென்டிமீட்டர் தூரத்துல வச்சு எடுக்கணும், ஃபோகஸ் ஒரு நூல் அளவுதான், மூச்சு விட்டா செடி ஆடி மங்கலாகிடும், இல்ல மூச்சுக்கே மூடிக்கும்!

இந்த வழி ஜெயிக்கறது வேற இடத்துல. "தாமரை இலைத் தண்ணி மாதிரி"ன்னு நாம காலங்காலமா சொல்றோம்ல, ஏன் ஒட்டலன்னு யாரையாவது கேட்டா "இலை வழுவழுன்னு இருக்கும்"பாங்க. நேர் எதிர். அந்த இலை சொரசொரப்பு. ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு அளவுல குட்டிக் குட்டி மேடு, அது மேல மெழுகுத் துணுக்கு, சொட்டு அந்த மேடுகளோட உச்சியில மட்டும் உக்காந்திருக்கு, அடியில காத்து. ஜெர்மனியில பார்த்லாட், நைன்ஹுய்ஸ் ரெண்டு பேரும் 1997-ல இதை விளக்கமா எழுதினாங்க. மேடு நம்ம லென்ஸ்ல தெரியாது, ஆனா சொட்டுக்கு அடியில வெள்ளி மாதிரி மின்னுற ஒரு படலம் கிளிப் லென்ஸ்லயே தெரியும், அது அந்தக் காத்துதான். பூக்கடையில கேட்டா இலை சும்மாவே தருவாங்க.

இதோட பொய் அளவு. பாக்கறவனுக்கு எது எவ்வளவு பெருசுன்னே தெரியாது, எறும்பு டைனோசர் மாதிரி நிக்கும். ஒரு தலைமுடியைப் பக்கத்துல போட்டுடுங்க, ஸ்கேல் ஆச்சு.

## தெர்மல் கேமரா, காத்தைக் காட்டற கண்ணாடி

உண்டியல் தம்பிக்கு: நிறுத்து. பத்தாயிரத்துல வர்றது ரொம்பக் கம்மி ரெசல்யூஷன், பல மலிவான மாடல் விநாடிக்கு 9 ஃப்ரேமுக்கு மேல தராது. மண்பானை அறையை விடக் குளிர்ச்சியா இருக்கறது, சுவத்துல கை வச்சு எடுத்தா கைத்தடம் கொஞ்ச நேரம் ஒளிர்றது, இதெல்லாம் முதல் நாள் பிரமாதமா இருக்கும், ஒரு வாரத்துல விஷயம் தீர்ந்துடும். அதோட சொல்ற பொய்யும் பெருசு. நண்பன் கிட்ட இரவல் வாங்கி கொதிக்கக் கொதிக்க காபி ஊத்தின எவர்சில்வர் டம்ளரைக் காட்டினேன், காபி வெள்ளையா எரியுது, டம்ளர் ஐஸ் மாதிரி நீலமா இருக்கு. பளபளப்பான உலோகம் தன் சூட்டை ரொம்பக் கம்மியாத்தான் அகச்சிவப்பா வெளிய விடும், அறையோட பிம்பத்தைத்தான் திருப்பிக் காட்டுது. தொட்டுப் பார்த்தா விரல் சுடும். தொட்டாச்சிணுங்கிக்கு இதுல ஒண்ணுமே கிடைக்கல.

சூடான காத்தைக் காட்டணும்னா ஓசியிலயே வழி இருக்கு. நல்ல வெயில்ல வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி கற்பூரத்தை ஏத்தி சுவத்துல விழற நிழலைப் படம் எடுங்க, சுடர் நிழலுக்கு மேல நெளிநெளியா ஓடும், அது சூட்டுக் காத்து வெளிச்சத்தை வளைக்கறது. இதையே துல்லியமா பண்றதுக்குப் பேரு ஷ்லீரன், 1864-ல டாப்ளர் கண்டுபிடிச்சது (ஒலிக்கு வர்ற அந்த டாப்ளர் இல்ல, இவர் ஆகஸ்ட் டாப்ளர்). டெலஸ்கோப்புக்குப் போடற குழிக்கண்ணாடி, ஒரு புள்ளி எல்இடி, ஒரு பிளேடு. கண்ணாடியில இருந்து அதோட குவியதூரத்துக்கு ரெண்டு மடங்கு தள்ளி எல்இடியையும் பிளேடையும் நிறுத்தணும், 1200 மில்லிமீட்டர் குவியதூரக் கண்ணாடின்னா 2.4 மீட்டர். நேர் பண்றதுக்கே ஒரு சாயங்காலம் போயிடும். ஆனா அமைஞ்சுட்டா கை மேல இருந்து எழும்பற சூடு கூட தெரியும். பொறுமை இருக்கறவங்களுக்கு தெர்மலை விட இதுதான்.

## எடுக்கவே வேண்டாம், இருக்கறதை எடுத்துக்கலாமா

தாராளமா. சூரியனை நீங்க எடுக்கப் போறதில்ல. நாசா 2010-ல ஏவின சோலார் டைனமிக்ஸ் அப்சர்வேட்டரிங்கற விண்கலம் 12 விநாடிக்கு ஒரு தடவை பல அலைநீளத்துல படம் எடுத்துத் தள்ளிக்கிட்டே இருக்கு. நாசாவோட சொந்தப் படங்களுக்குப் பொதுவா காப்பிரைட் கிடையாது, லோகோவை மட்டும் தொடாதீங்க, வேற யாரோட படமாவது கலந்திருக்கான்னு பாத்துக்குங்க. அந்தத் தங்க நிறமும் பச்சையும் நிஜ நிறம் இல்ல, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவுக்கு அவங்க பூசினது, இதைச் சொல்லிடணும்.

நம்ம செடிக்குள்ள நடக்கறதும் இந்த வழியிலதான் பாக்க முடிஞ்சுது. 2022-ல ஜப்பான்ல சைதாமா பல்கலைக்கழகக் குழு, கால்சியம் வந்தா ஒளிர்ற மாதிரி மாத்தின தொட்டாச்சிணுங்கியைப் படம் எடுத்தாங்க. இலையில அடிபட்ட இடத்துல இருந்து ஒரு ஒளி அலை ஓடுது, அது இலையடியில இருக்கற அதே மாதிரி வீக்கத்துக்கு வந்து சேர்ந்து 0.1 விநாடியில இலை மடியுது. மடிய முடியாம பண்ணின செடியை வெட்டுக்கிளி ஜாஸ்தியா தின்னுச்சுன்னும் காட்டினாங்க. நான் எத்தனை லட்சம் செலவு பண்ணாலும் வீட்ல இது வராது. இந்த மாதிரி ஆய்வு வீடியோவை எடுத்துப் போடறதுக்கு முன்னாடி உரிமம் என்னன்னு படிச்சுடுங்க.

ஏஐ-யில செஞ்ச "இயற்கை" வீடியோ பத்தியும் கேட்டாங்க. வேண்டாம். நடக்காத ஒண்ணைக் காட்டி நடக்கறதை எப்படி விளக்குவீங்க?

## சுருக்கமா ஒரு அட்டவணை

| வழி | போன் தவிர செலவு | சொதப்பினா திரும்ப எடுக்க | வாயால சொல்ல வேண்டியது |
|---|---|---|---|
| ஸ்லோமோ | வெயில் இருந்தா எதுவுமில்ல | சில நிமிஷம் | எத்தனை மடங்கு மெதுவு |
| டைம்லாப்ஸ் | ஸ்டாண்ட், பழைய போன் | மணிக்கணக்கு முதல் மூணு நாள் | நிஜத்துல ஆன நேரம் |
| மேக்ரோ | சில நூறு | சில நிமிஷம் | நிஜ அளவு |
| தெர்மல் | நல்லதுன்னா பட்ஜெட்டைத் தாண்டும் | உடனே | நிறம் பொய், உலோகம் ஏமாத்தும் |
| ஷ்லீரன் | குழிக்கண்ணாடி | ஒரு சாயங்காலம் | தெரியறது புகை இல்ல, காத்து |

## அப்போ அந்தப் பத்தாயிரம்

நானா இருந்தா முதல்ல ஆடாத ஒரு ட்ரைபாட், ஆயிரத்துச் சொச்சம். ஒரு கிளிப் லென்ஸ். மினுக்காத ஒரு எல்இடி லைட், வாங்கறப்போ கடையிலயே போனை ஸ்லோமோவுல வச்சு லைட்டைப் படம் எடுத்துப் பாருங்க, மினுக்கினா அங்கயே திருப்பிக் குடுத்துடுங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பாரு, பார்த்துட்டுப் போகட்டும். பழைய போன் இல்லாதவங்க மட்டும் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு. பள்ளிக்கூடம்னா இதோட யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பைச் சேத்துக்கங்க. மிச்சம் இருக்கறதைச் செலவு பண்ணாதீங்க, மூணு மாசம் எடுத்துப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எது வருதுன்னு உங்களுக்கே தெரியும். என்னோடது பாதி இன்னும் அப்படியே இருக்கு, குழிக்கண்ணாடிக்குன்னு வச்சிருக்கேன், ஆனா 2.4 மீட்டருக்கு வீட்ல எங்க இடம்னுதான் தெரியல. ஹாலைக் கேட்டேன், அம்மா முறைச்சாங்க.